மனுவல் காருக்கு எந்தக் கியர் ஒயில்? வன்னி வாகனக்காரர் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 இல்தான். அந்த இடைவெளியில் வன்னியில் பலருக்கு இருந்த வழி, பழைய மனுவல் காரையே திருத்தித் திருத்தி ஓடுவது. என்ஜின் ஒயில் பற்றி எல்லாரிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. கியர் ஒயில் என்றால் மட்டும் "ஒரு நைன்ரி தாங்கோ" என்பதோடு கதை முடிந்துவிடும். கராஜுக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றுக்கு இங்கே பதில்.

கடையில் "90 ஒயில்" என்று கேட்டு வாங்கினால் போதாதோ?

போதாது. 90 என்பது தடிப்பை மட்டும் சொல்லுகிற எண். உள்ளே என்ன மருந்து கலந்திருக்கிறது என்று அது சொல்லாது. ஒரே தட்டில் இரண்டு 90 போத்தல்கள் நிற்கும். ஒன்று கியர் பொக்ஸுக்கு, மற்றது பின் டிப்ரன்சலுக்கு, அதாவது பின் அச்சின் நடுவில் சில்லுகளுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற பற்கூட்டுக்கு. நிறமும் மணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கைக்குக் கிட்ட இருப்பதைக் கடைக்காரர் எடுத்துத் தருவார். அவரில் பிழை இல்லை, நீங்கள் கேட்டது 90.

போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். ஏபிஐ என்ற மூன்று எழுத்துக்குப் பக்கத்தில் ஜீஎல் என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஒயில் எந்த வேலைக்கு என்று சொல்லுகிற குறி அது. முதலில் பார்க்க வேண்டியது அதை. தடிப்பு அதற்குப் பிறகு. தடிப்பு கொஞ்சம் முன்பின் இருந்தால் பெரும்பாலான கியர் பொக்ஸ்கள் பொறுத்துக்கொள்ளும். ஜீஎல் பிழைத்தால் பல பொக்ஸ்கள் பொறுக்காது.

ஜீஎல்-5 தானே பெரிய எண்? அப்ப அது ஜீஎல்-4 ஐ விட நல்லதுதானே?

இந்த ஒரு எண்ணத்தால் பழுதாகிற கியர் பொக்ஸ்கள்தான் கனக்க. 4 உம் 5 உம் தரப்படி இல்லை. இரண்டும் இரண்டு வேலைக்கு.

பின்சில்லில் ஓடும் வாகனத்தின் டிப்ரன்சலுக்குள் இருக்கும் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு பக்கவாட்டில் இழுபட்டும் போகும். அந்த இழுவையில் சாதாரண ஒயில் பிதுங்கி வெளியேறி, இரும்பும் இரும்பும் உரசும். அதைத் தடுக்கக் கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த மருந்துகள் கலக்கப்படுகின்றன. உரசுகிற இடம் சூடாகும்போது அவை இரும்போடு சேர்ந்து மெல்லிய படலமாகி, பல் பிடுங்குப்படாமல் காக்கும். ஜீஎல்-5 இல் இந்த மருந்து, ஜீஎல்-4 இல் இருப்பதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு.

கியர் பொக்ஸுக்குள் இருக்கும் நிலைமை வேறு. அங்கே பற்களோடு சிங்க்ரோ ரிங்குகளும் உண்டு. பழைய பொக்ஸ்கள் பலவற்றில் அவை பித்தளை. கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தால், ரிங்கின் உள்பக்கம் கூம்புபோலச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் நகத்தால் தடவினால் உணரக்கூடிய மெல்லிய வரிகள் சுற்றிச் சுற்றி ஓடும். கியர் போடும்போது அந்த வரிகள்தான் ஒயிலை வழித்துத் தள்ளி, மற்றக் கூம்பைக் கவ்விப் பிடித்து, இரண்டு பக்கத்து வேகத்தையும் ஒன்றாக்கும். ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிறவர் கொஞ்சத் தூரம் கூட ஓடித்தானே கால் வைப்பார், அதுதான் சிங்க்ரோவின் வேலை.

ஜீஎல்-5 இரண்டு வகையில் இதைக் கெடுக்கும். ஒன்று, அதன் மருந்து ரிங்கை வழுக்க விடும். கவ்வ வேண்டிய நேரத்தில் கவ்வாது, கியர் 'கிறீச்' என்று பல்லோடு பல் அடிபட்டு விழும். மற்றது, கந்தகத்துக்குச் செம்பும் பித்தளையும் ஆகாது. சூட்டோடு நாள்பட ரிங்கை அரிக்கும். கியர் ஒயில்களைச் சோதிக்கும்போது பளபளப்பான செப்புத் தகட்டை 121 பாகை செல்சியஸ் சூட்டில் 3 மணி நேரம் ஒயிலுக்குள் வைத்து எடுத்து, எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். இப்போது வரும் ஜீஎல்-5 ஒயில்களில் சில இந்தச் சோதனையில் நன்றாகவே தேறுகின்றன. ஆனால் அரிப்புக் குறைந்தாலும் வழுக்கல் அப்படியேதான் இருக்கும்.

அப்ப ஜீஎல்-5 ஐ எந்தக் கியர் பொக்ஸுக்கும் விடவே கூடாதோ?

அப்படியும் இல்லை. ரொயோட்டாவின் கையேடுகள் பலவற்றில் "ஜீஎல்-4 அல்லது ஜீஎல்-5, 75டபிள்யூ-90" என்றே போட்டிருக்கும். கியர் பொக்ஸும் டிப்ரன்சலின் இழுவைப் பற்களும் ஒரே கூட்டுக்குள் ஒரே ஒயிலில் ஓடுகிற வாகனங்களும் உண்டு. சுபாரு மனுவல்கள் அந்த வகை. அவற்றுக்கு ஜீஎல்-5 தான் கேட்பார்கள். கையேடு ஜீஎல்-5 என்று சொன்னால் ஜீஎல்-5. ஜீஎல்-4 என்று மட்டும் சொன்னால் ஜீஎல்-4 மட்டும். இரண்டும் ஆகும் என்றால், கியர் பொக்ஸுக்கு நான் 4 ஐத்தான் எடுப்பேன்.

போத்தலில் "ஜீஎல்-4/ஜீஎல்-5" என்று இரண்டும் சேர்த்து எழுதியிருக்கே?

மருந்தின் அளவையும் வகையையும் பார்த்து, இரண்டு வேலைக்கும் ஓரளவு பொருந்தும்படி சில கொம்பனிகள் அப்படிச் செய்கின்றன. கியர் பொக்ஸுக்கென்றே செய்தது என்று போத்தலில் தெளிவாக எழுதியிருந்தால் நம்பி விடலாம். வெறுமனே இரண்டு எண்ணையும் அச்சடித்துவிட்டு வேறொன்றும் சொல்லாத போத்தலைப் பழைய பித்தளை ரிங் பொக்ஸுக்கு நான் விடமாட்டேன்.

75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140… எங்கட வெயிலுக்குத் தடிச்சது நல்லமோ?

டபிள்யூவுக்கு முன்னால் நிற்கும் எண் குளிரில் ஒயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. 75டபிள்யூ ஒயிலை −40 பாகையிலும், 80டபிள்யூவை −26 இலும், 85டபிள்யூவை −12 இலும் அளக்கிறார்கள். மாரி மழையில் வவுனியாவில் போர்வை தேடுகிற குளிரும் இந்தக் கணக்குக்குள் வராது. குளிருக்காக 75டபிள்யூ வாங்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

பின்னால் நிற்கும் எண்தான் சூடான கியர் பொக்ஸில் ஒயிலின் தடிப்பு. தடிப்பை அளக்கிற அலகு சென்ரிஸ்ரோக். 100 பாகையில் 90 என்பது 13.5 இலிருந்து 18.5 சென்ரிஸ்ரோக்குக்குள். 140 என்பது 24 இலிருந்து 32.5 வரை. இடையில் 110 என்றொரு வகுப்பும் இருக்கிறது. 90 இலிருந்து 140 க்குப் போகிறவர் ஒரு படி ஏறவில்லை, இரண்டு படி தாண்டுகிறார்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. கியர் ஒயிலின் 90 உம் என்ஜின் ஒயிலின் 40 உம் வேறு வேறு அளவுகோல். என்ஜின் ஒயில் 40 என்பது அதே 100 பாகையில் 12.5 இலிருந்து 16.3 வரை, 50 என்பது 16.3 இலிருந்து 21.9 வரை. ஆகவே '90' என்று பயமுறுத்துகிற ஒயில் உண்மையில் 40, 50 என்ஜின் ஒயில்களின் தடிப்புத்தான்.

வெயில் 35 பாகைக்குப் போனாலும் கியர் பொக்ஸின் உட்சூட்டோடு பார்த்தால் அது பெரிய வித்தியாசம் இல்லை. தடிச்ச ஒயில் விட்டால் காலையில் இரண்டாம் கியர் விழ அடம்பிடிக்கும், ரிங்கின் வரிகளால் ஒயிலை வழித்துத் தள்ள முடியாது, பெற்றோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். கையேடு 75டபிள்யூ-90 சொல்லியிருந்து அது கடையில் கிடைக்காவிட்டால், ஜீஎல்-4 வகை 80டபிள்யூ-90 நம் காலநிலைக்குத் தாராளமாகக் காணும். 140 காரின் மனுவல் பொக்ஸுக்கு வேண்டாம். ஆனால் 75டபிள்யூ-80, 75டபிள்யூ-85 என்று மெல்லிய ஒயில் கேட்கும் புதிய பொக்ஸ்களுக்கு "இங்க வெயில்தானே" என்று 90 ஐ விடாதீர்கள். அவற்றின் ரிங்குகள் அந்த மெல்லிய ஒயிலுக்கென்றே செய்யப்பட்டவை.

கையேடு இல்லை, இருந்தாலும் ஜப்பான் மொழியில் இருக்கு. என்ர காருக்கு எது என்று எப்படித் தெரியும்?

ஜப்பான் கையேடு என்றாலும் தூக்கி எறிய வேண்டாம். ஒயில் அட்டவணைப் பக்கத்தில் ஜீஎல் என்ற எழுத்தும் 75டபிள்யூ என்ற எண்ணும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். போனில் படமெடுத்து மொழிபெயர்த்தாலும் வேலை முடியும்.

அதுவும் இல்லையென்றால், முதலில் உங்கள் கார் எந்தச் சில்லில் ஓடுகிறது என்று பாருங்கள். மாருதி 800, அல்ட்டோ, நிசான் சன்னியில் பி11 இலிருந்து வந்தவை, 90களின் கொரோலா எல்லாம் முன்சில்லு. இவற்றில் கியர் பொக்ஸும் டிப்ரன்சலும் ஒரே கூடு, ஒரே ஒயில். அந்த டிப்ரன்சலில் இழுவைப் பல் இல்லை, சாய்ந்த பல்தான். ஜீஎல்-4 போதும்.

ஹயேஸ் டொல்பின், கே.ஈ.70 கொரோலா, டிமோ பட்டா, சுசுகி எவ்ரி போன்றவை பின்சில்லு. இவற்றில் கியர் பொக்ஸ் தனி, பின் டிப்ரன்சல் தனி. டிப்ரன்சலுக்கு ஜீஎல்-5 கட்டாயம். "மிச்சத்தைப் பின்னுக்கும் விடுவம்" என்று ஜீஎல்-4 ஐ விட்டால் டிப்ரன்சலின் பெரிய பற்சில்லான கிறவுண் வீலின் பல் தேய்ந்துபோய்த்தான் கணக்கு முடியும். ஆக, ஹயேஸ்காரர் கடையில் இரண்டு வகைப் போத்தல் வாங்க வேண்டும்.

ஹொண்டா ஒரு விதிவிலக்கு. 1980களின் சிவிக் மனுவல்களுக்குக் கொம்பனி சொன்னது கியர் ஒயிலே இல்லை, 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 என்ஜின் ஒயில். பிறகு தங்கள் சொந்த மனுவல் ஒயிலை விற்கத் தொடங்கினார்கள். அதுவும் மெல்லியதுதான். ஹொண்டா பொக்ஸுக்கு 90 விட்டுவிட்டுக் கியர் இறுக்கம் என்று வருகிறவர்கள் இன்னமும் உண்டு.

மொரிஸ் மைனருக்கு என்ன விடுகிறது?

வன்னியின் பழைய ஓட்டுநர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 90களின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் ஓடி, ஆளையும் சாமானையும் காவிய கார்களின் பரம்பரை அது. ஸ்ராட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல், பிறகு எண்ணெய். மைனரின் கியர் பொக்ஸுக்குக் கொம்பனி சொன்னது என்ஜின் ஒயில்: அந்தக் காலத்துக் கணக்கில் எஸ்ஏஇ 30, இப்போது 20டபிள்யூ-50 விடுகிறார்கள். பின் டிப்ரன்சலுக்கு 90 ஈபி, அதாவது இழுவைப் பல்லுக்கான மருந்து கலந்த 90. பழைய மினி இன்னும் ஒரு படி மேலே, என்ஜினும் கியர் பொக்ஸும் ஒரே ஒயிலில் குளிக்கும். இந்தக் கார்களின் கியர் பொக்ஸுக்கு ஜீஎல்-5 விடுகிறது பாவம்.

கியர் பொக்ஸில் சத்தம் வருது. தடிச்ச ஒயில் விட்டால் நிற்குமோ?

சத்தம் குறையும், வருத்தம் நிற்காது. விற்கப்போகிற காருக்கு 140 விடுவதும், அதற்குள் மரத்தூள் போடுவதும் பழைய தரகு வேலை. வாங்கப் போகும்போது கியர் பொக்ஸ் சூடாகும் வரை ஓடிப் பாருங்கள், அதன் பிறகுதான் உண்மைச் சத்தம் வெளியே வரும்.

சத்தம் எங்கே என்று வீட்டிலேயே ஓரளவு பிடிக்கலாம். என்ஜின் ஓட, நியூட்ரலில், கிளச்சிலிருந்து காலை எடுங்கள். இரைச்சல் கேட்டு, கிளச்சை மிதித்ததும் நின்றால், பொக்ஸுக்குள் நுழையும் ஷாஃப்ட்டின் பெயாரிங் போய்க்கொண்டிருக்கிறது. கிளச்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் என்றால் அது கிளச் பெயாரிங், கியர் ஒயிலுக்குச் சம்பந்தமில்லை. ஒரே ஒரு கியரில் மட்டும் கிறீச் என்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ. ஐந்தாம் கியரில் மட்டும் ஊளை கேட்டால் முதலில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். பல முன்சில்லுப் பொக்ஸ்களில் ஐந்தாம் கியர் ஒரு தொங்கலில், மூடிக்குப் பக்கத்தில் இருக்கும். ஒயில் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். ஏ9 வீதியில் ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை ஐந்தாம் கியரிலேயே போகிறவர்கள் டிரைவ் ஷாஃப்ட் சீலில் கசிவு இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

எவ்வளவு ஓடினால் மாற்ற வேணும்?

கையேட்டில் பொதுவாக 40,000 கிலோமீற்றர் அல்லது 2 வருடம் என்ற அளவில் இருக்கும். தார் ரோட்டிலேயே ஓடுகிற காருக்கு அது சரி. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து உள்வீதிகளில் கிரவலுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் முதலாம் இரண்டாம் கியரிலேயே இழுபடுகிற வாகனத்துக்கு அதில் பாதித் தூரத்தில் மாற்றுவது நல்லம். ஒயிலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கறுத்திருப்பதெல்லாம் கெட்டதும் இல்லை, தெளிவாக இருப்பதெல்லாம் நல்லதும் இல்லை.

வெள்ளத்துக்குள்ளால ஓடினனான். பயப்பட வேணுமோ?

தண்ணீர் சில்லின் நடுக்கட்டைக்கு மேல் வந்திருந்தால், ஓம். கியர் பொக்ஸின் மேற்பக்கத்தில் மூச்சுக்குழாய் ஒன்று இருக்கும். சூடாக ஓடிவந்த பொக்ஸ் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, அந்தக் குழாயாலும் சீல்களாலும் தண்ணீரை உள்ளே இழுக்கும். நின்ற காரைவிட ஓடிவந்த காருக்கு ஆபத்துக் கூட என்பது அதனால்தான். 2018 டிசெம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்த நேரத்து வெள்ளம்போல ஒன்றுக்குள் அகப்பட்ட வாகனம் என்றால், கியர் பொக்ஸும் டிப்ரன்சலும் இரண்டும் பார்க்கப்பட வேண்டும்.

நிரப்பும் நட்டைக் கழற்றி ஒரு ஈர்க்கை விட்டு எடுங்கள். ஒயில் தேத்தண்ணிக்குப் பால் விட்ட நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. உடனே இறக்கி, அந்தந்த இடத்துக்குரிய ஜீஎல் உள்ள மலிவான ஒயில் ஒன்றை விட்டு, கொஞ்சத் தூரம் ஓடி, அதையும் இறக்கிவிட்டுத்தான் நல்ல ஒயில் விட வேண்டும். வட்டுவாகல் பாலத்தில் கடல்நீரேரித் தண்ணீர் ஏறியிருக்கும்போது போனவர்கள் நாளைக்குப் பார்ப்போம் என்று விடக் கூடாது. உப்பு பெயாரிங்கைத் தின்னத் தொடங்கினால் பிறகு ஒயிலால் ஒன்றும் செய்ய முடியாது.

நானே வீட்டில் மாற்றலாமோ?

மாற்றலாம். ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் மேலே இருக்கும் நிரப்பும் நட்டைக் கழற்றுங்கள். அது கழராவிட்டால் அன்றைக்கு வேலையை விடுங்கள். கீழ் நட்டைக் கழற்றி ஒயிலையெல்லாம் இறக்கிவிட்ட பிறகு மேல் நட் கழராமல் நிற்கிற கார், கராஜுக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டிய கார்.

கொஞ்சம் ஓடிவிட்டு வந்து, சூடாக இருக்கும்போது இறக்கினால் அடித்தூசியும் சேர்ந்து வரும். கீழ் நட்டின் நுனியில் பல வாகனங்களில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறக் களி ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்வு. ஒயிலில் பொன்னிறத் தூள் மினுங்கினால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது. நகத்தில் எடுக்கக்கூடிய இரும்புத் துண்டு வந்தால் ஒயில் மாற்றுவதை நிறுத்திவிட்டுப் பொக்ஸைத் திறப்பதைப் பற்றி யோசியுங்கள். நட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். கூடு அலுமினியம், பலமெல்லாம் காட்டி இறுக்கினால் மரை போய்விடும்.

கார் நாலு சில்லிலும் மட்டமாக நிற்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்கி வைத்து நிரப்பினால் மட்டம் பொய் சொல்லும். பல கார்களில் நிரப்பும் துளையின் உதடுதான் அளவு. ஒயில் அந்த உதட்டால் வழியத் தொடங்கும்போது நிறுத்தி, சுண்டுவிரலை மடித்து உள்ளே விட்டால் நுனி நனைய வேண்டும். சிறிய கார்களுக்கு 2 லீற்றருக்குச் சற்று முன்பின் பிடிக்கும். மேலதிகமாக விட்டால் ஒயில் நுரைத்து சீலால் வெளியேறி, சில வேளை கிளச்சையும் நனைக்கும்.

சின்தெடிக் தேவையோ?

காசு இருந்தால் விடலாம், காலைக் கியர் இலேசாக விழும். இல்லாவிட்டால் சரியான ஜீஎல் உள்ள சாதாரண ஒயிலை நேரத்துக்கு மாற்றுவது அதைவிடப் பிரயோசனம். பீப்பாவிலிருந்து அளந்து தரும் ஒயிலை மட்டும் வேண்டாம். அதில் ஜீஎல் எத்தனை என்று வாசிக்க ஒன்றுமில்லை.

உழவு மெசினுக்கு வாங்கின ஒயில் மிச்சம் இருக்கு, காருக்கு விடலாமோ?

வேண்டாம், மறுவளமும் வேண்டாம். மசி பேர்குசன் 240 போன்றவற்றில் பின்பக்கத்து ஒயில்தான் ஹைட்ரோலிக்கையும் தூக்குகிறது. அதன் தேவை வேறு, காரின் சிங்க்ரோவின் தேவை வேறு.

வாகன்-ஆர், விற்ஸ் ஓட்டோ கியருக்கும் இதுதானோ?

இல்லவே இல்லை. படிப்படியான கியர் இல்லாத ஓட்டோவான சீவிடி பொக்ஸுக்கு அதற்குரிய சீவிடி ஒயில், மற்ற ஓட்டோவுக்கு ஏரிஎஃப் என்ற ஓட்டோ ஒயில். கியர் ஒயிலை அவற்றுக்குள் விட்டால் பொக்ஸே போய்விடும். கிளச் பெடல் இல்லாத சுசுகி ஏஜீஎஸ் மட்டும் குழப்பும்: அதற்குள் இருப்பது மனுவல் பொக்ஸ்தான், கியரைப் போடுவது மட்டும் இயந்திரம். அதற்கு மனுவல் கியர் ஒயில். கியர் போடும் பகுதியின் ஹைட்ரோலிக் ஒயில் வேறு, அதில் கை வைக்க வேண்டாம்.

இறக்கின பழைய ஒயிலை என்ன செய்யிறது?

கறையானுக்கென்று வேலிக் கட்டைக்கும் கப்புக்கும் பூசுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கிணற்றுக்குக் கிட்ட உள்ள வேலிக்கு அதைப் பூச வேண்டாம், வாய்க்காலில் ஊற்றவும் வேண்டாம். மூடியுள்ள கலனில் சேர்த்துக்கொண்டு வந்தால், பழைய ஒயில் எடுக்கிறவர்களுக்குக் கொடுக்கும் கராஜுகள் வாங்கிக்கொள்ளும். என்ஜின் ஒயிலோடு கலந்திருந்தாலும் பரவாயில்லை, தண்ணீரோ பெற்றோலோ கலக்காமல் கொண்டுவாருங்கள்.